நைனா உட்காராத பின்சீட்டு

உப்புக்கு விடுமுறை கிடையாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. காலையில் காயப்போட்ட சட்டை மாலையில் பிசுபிசுக்கும். ஜன்னல் கொக்கி ஒரு மழைக்காலம் தாங்காது. கேட்டின் கீல், சைக்கிள் செயின், தண்ணீர் மோட்டாரின் மூடி, எதையும் கடற்காற்று விட்டுவைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் இங்கிலாந்தில் பிறந்த ஓர் இரும்புக் காரை நாங்கள் வைத்திருந்தோம். வைத்திருந்தோம் என்று சொல்வது கொஞ்சம் பெருமையான பேச்சு. கரைந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மைனர் கார் என்றால் பழைய ஆட்களுக்கு உடனே புரியும். வட்டமான முதுகு, வட்டமான முகம், மூக்குக்கு இரண்டு பக்கமும் வியந்துபோய் விழித்த மாதிரி இரண்டு விளக்கு. நான்கு கதவு. கொய்யாக்காயின் வெளிறிய பச்சை. முறம் அளவுக்கு ஸ்டீயரிங். கியர் மாற்றும்போது ஒரு முனகல், இறக்கத்தில் காலை எடுத்தால் பின்னாலிருந்து ஒரு புர்ர். அந்தப் புர்ர் இப்போதும் எனக்குத் தூக்கத்தில் கேட்கிறது. விழித்துப் பார்த்தால் கடல்.

நான் வேலை பார்ப்பது நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். வாரமெல்லாம் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பேன், ஞாயிற்றுக்கிழமை காரிலிருந்து பிரிப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்கு வேலையில்லை. கார் கேளம்பாக்கத்தில் என் தங்கையின் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், காற்றுப்படாத இடத்தில், போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அங்கே அதற்கு நல்லது. எனக்குத்தான் உள்ளங்கை அரிக்கிறது. கிரீஸ் நாற்றம் இல்லாத சோப்பு என்னவோ போலிருக்கிறது.

அந்தக் கார் நைனாவுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நைனா என்றால் எங்கள் அப்பா. அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்தக் கழனியை விட்டு எங்கள் வீட்டில் முதலில் கரையேறியவர் நைனா. ஏறியது இந்தக் காரைக் கழுவ. செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இங்கிலாந்தில் படித்து முடித்துத் திரும்பும்போது கப்பலில் கூடவே கொண்டுவந்த கார் இது. கழுவ வந்த நைனா ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு அவருடைய வாழ்நாளெல்லாம் அந்த முறம் அளவு ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான்.

டாக்டரம்மா நல்லவர். இதைச் சொல்லாமல் மேலே போனால் நைனா கனவில் வந்து திட்டுவார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பெற்றபோதும் அவர்தான் வந்தார், இதே காரில், நைனா ஓட்ட. ஆனால் நல்லவர்கள் காரிலும் முன்சீட்டு முன்சீட்டுதான், பின்சீட்டு பின்சீட்டுதான். யாரும் போட்ட சட்டம் கிடையாது. யாரும் போடாததால் யாராலும் மாற்றவும் முடியவில்லை.

டாக்டரம்மாவின் மகள் கல்யாணம் செங்கல்பட்டுத் தேவாலயத்தில் நடந்தது. நானும் தங்கையும் சின்னப் பிள்ளைகள். அம்மா எங்களை அழைத்துப் போயிருந்தாள். காரின் மூக்கில் வெள்ளை ரிப்பன். நைனா அதற்குப் பக்கத்தில் வண்டி துடைக்கும் மஞ்சள் துணியோடு நின்றார். உள்ளே பாட்டு, ஜெபம், மறுபடி பாட்டு. யாரோ வெளியே வந்து அவரை உள்ளே கூப்பிட்டார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். தங்கை என் காதுக்குள் கேட்டாள்:

"அத்த யாரு தூக்கிகினு போவப்போறாங்க?"

இன்றைக்கும் அது ஒரு நல்ல கேள்வி.

வயதான பிறகு டாக்டரம்மா மகளோடு வெளிநாட்டுக்குப் போனார். போகும்போது காரை நைனாவுக்கே கொடுத்துவிட்டார். அப்போது அது ஓடுகிற கார் இல்லை. கொட்டகையில் பல மழைக்காலம் நின்று, டயர் தரையோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு டிராக்டரில் கயிறு கட்டி, திருக்கழுக்குன்றம் வழியாக வீட்டுக்கு இழுத்துவந்தோம். ஸ்டீயரிங்கில் நைனா. ஓடாத எஞ்சின், முன்னால் புகை விடும் டிராக்டர். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கையை வெளியே நீட்டி முறைப்படி சைகை காட்டினார். டிராக்டர்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பின் வந்த வருடங்களுக்குத்தான் நான் ஏங்குகிறேன்.

நைனாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஓடாத காரை என்ன செய்வதென்று தெரியாது. டாக்டரம்மா காலத்தில் ஒரு சின்ன இருமல் வந்தாலும் வண்டி சென்னைப் பட்டறைக்குப் போய்விடும். அதனால் நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் சேர்ந்த மாதிரி ஆரம்பித்தோம். அதில் நைனா கடைசி பெஞ்சு. டார்ச் பிடிப்பது அவர் பொறுப்பு. நாங்கள் பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அவர் பார்க்க விரும்பிய இடத்தில் வெளிச்சம் விழும்.

முதல் பெஞ்சு தங்கை. கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி அலுவலகத்தில், பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு. பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, திரும்பவும் பஸ். வாரமெல்லாம் அப்படிப் போய்வந்தவள் ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் நைட்டியை மாட்டிக்கொண்டு, டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, காருக்கு அடியில் போய்விடுவாள். கறிக்குழம்பு கொதித்து முடியும்வரை வெளியே வரமாட்டாள். எனக்கு அவள் முகத்தைவிடப் பாதங்கள் பழக்கமானது அந்த வருடங்களில்தான்.

எங்களிடம் இருந்த ஸ்பேனர்கள் மில்லிமீட்டர். காரின் போல்ட்டுகள் இஞ்சு. பன்னிரண்டு போட்டால் லொடலொடக்கும், பதினொன்று நுழையாது. புதுப்பேட்டையின் பழைய இரும்புக் குவியல்களில் தேடித்தேடி இஞ்சு ஸ்பேனர்களைச் சேர்த்தோம். பாட்டரியிலும் இந்தக் காருக்கு ஒரு தலைகீழ்க் குணம்: பிளஸ் முனையைத்தான் உடம்போடு சேர்க்க வேண்டும். பாட்டரிக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் எங்களோடு சண்டை போடுவார். எல்லாம் தெரிந்த ஆளு மாதிரி பேசாதே, வண்டி எரிந்தால் என்னிடம் வராதே என்பார். வண்டி எரியவில்லை. அவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாவியைத் திருப்பினால் முதலில் எஞ்சின் பேசாது. பெட்ரோல் பம்புதான் டிக், டிக், டிக் என்று சொல்லும். வயிறு நிறைந்ததும் அமைதியாகிவிடும். அது வாய் திறக்காத நாளில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஸ்பேனரின் பிடியால் மெல்லத் தட்டவும் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. நைனா செருப்பைக் கழற்றுவார்.

"மரியாத குடுத்தா தலைக்கு ஏறிக்கும் அதுக்கு."

பெட்ரோல் டாங்கி ஒழுகியபோது துணி சோப்பைப் பிசைந்து அடைத்தோம். அது ஒரு வருடம் தாங்கியது. கதவுக்குக் கீழே தகரம் நன்றாகத்தான் இருந்தது, தங்கை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கும்வரை. ஸ்குரூ டிரைவர் அப்பளத்துக்குள் போவது போல் போனது. நைனா டார்ச்சை அணைத்துவிட்டார். சில விஷயங்களை வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். அந்தத் தகரத்தை வெட்டி, புதுத் தகரம் பற்றவைத்து, துருவுக்கு ரெட் ஆக்சைடு பூசி முடிப்பதற்குள் உப்பு அடுத்த மூலைக்குப் போயிருக்கும். துரத்திக்கொண்டே இருந்தோம். எங்களுக்கு வேறு எந்த வெற்றியும் அவ்வளவு பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கார் ஓடத் தொடங்கியது. மாலையில் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று. தங்கை அதில்தான் ஓட்டக் கற்றாள், உரிமமும் எடுத்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மருத்துவமனைக்கும் அதில்தான் போனோம். பின்சீட்டில் அம்மா படுத்திருப்பாள், தலை தங்கையின் மடியில். அந்த வருடங்களில் தங்கைக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் அவளே திருப்பி அனுப்பினாள். அம்மாவை யார் தூக்குவது என்பாள். அம்மா போன பிறகு சம்பந்தங்கள் வருவது நின்றுவிட்டது.

பின்சீட்டைப் பழையது என்று பிரித்து, புது ஸ்பிரிங் கட்டி, சிவப்பு ரெக்சின் தைத்துப் போட்டபோது நைனாவை உட்காரச் சொன்னோம். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். கார் அவர் பெயரில் இருந்தது, பின்சீட்டு அவர் பெயரில் இல்லை. துடைக்கும்போதுகூட சீட்டின் மேல் உட்கார மாட்டார். கால் வைக்கும் இடத்தில் முட்டிபோட்டுத்தான் துடைப்பார். நாங்கள் இதைப் பார்த்தோம். பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு. தங்கை அடியில் இருந்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். நைனா குந்தி டார்ச் பிடித்திருந்தார்.

"அண்ணே, அர இஞ்சு குடு."

கொடுத்தேன்.

"அப்புறம், ஒருத்தரு என்னிய கட்டிக்கிறேன்னு கேட்டுகினு கீறாரு. நானும் சரின்டேன்."

வெளிச்சம் எங்கேயோ போய் தென்னை மரத்தில் விழுந்தது. நைனா டார்ச்சைச் சரியாகப் பிடிக்கச் சற்று நேரம் ஆனது. யார், என்ன, எந்த ஊர் என்று கேட்டார். செங்கல்பட்டில் ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர், அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் மருத்துவமனையில் பழக்கம். எல்லாப் பதிலும் காருக்கு அடியிலிருந்துதான் வந்தது. பாதங்கள் மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தன. முடித்துவிட்டு வெளியே உருண்டு வந்தாள். கன்னத்தில் கிரீஸ். தன் கல்யாணத்துக்கு அவள் கேட்டது ஒன்றுதான்: இந்தக் காரில் செங்கல்பட்டுத் தேவாலயத்துக்குப் போக வேண்டும், ஓட்டுவது அவள், பின்சீட்டில் நைனா.

நைனா அன்றைக்குச் சிரித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"பொண்ணு வண்டி ஓட்டிகினு போய் எறங்குனா மாப்ள வூட்ல இன்னா நெனப்பாங்க? நான் ஓட்றேன். நீ பின்னாடி ராணி கணக்கா குந்து."

"நீ ஓட்டுனா வெளியவே நின்னுடுவ நைனா. வண்டியப் பாத்துக்கணும்னுவ. எனக்குத் தெரியாதா? என் கையப் புடிச்சு உள்ள இட்டுகினு போவ ஆளு வேணும்."

"அதெல்லாம் வருவேன்."

"பின்னாடி குந்தி வா. அப்பதான் நம்புவேன்."

அவர் தட்டிலேயே கை கழுவினார். அதன் பின் கல்யாணத்துக்கு இருந்த வாரங்களில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரை மட்டும் தயார் செய்தோம். இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது என்று எல்லாக் குழாய்களையும் மாற்றினோம். புது பிளக், பிரேக்குக்குப் புது எண்ணெய். நைனா நாள் தவறாமல் பாலிஷ் போட்டார். மூக்கு மின்னியது. பின்சீட்டு ரெக்சின் வழக்கத்தைவிட அதிகமாக மின்னியது. உட்காருவாரா மாட்டாரா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் என்றாலும் நலங்கை விடமாட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் வாசலில் தங்கையை மணையில் உட்காரவைத்து, மஞ்சள் பூசி, அருகம்புல்லால் தேங்காயெண்ணெய் தொட்டு உச்சியில் வைத்தார்கள். முன்னின்று செய்தது நைனாவின் அக்கா, எங்கள் அத்தை. கலகலப்பான ஆள். கிண்ணத்தில் எண்ணெய் மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு, வண்டியும் கல்யாணத்துக்குத்தானே போகிறது, அதுவும் பெண் மாதிரிதானே என்று காரின் மூக்கிலும் மஞ்சளைத் தடவினாள். பாஸ்டருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று யாரோ சொன்னார்கள். பாஸ்டர் வண்டிக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லட்டும் என்றாள் அத்தை.

அந்தச் சிரிப்பில்தான் தங்கை பானட்டைத் திறந்தாள், முகமெல்லாம் மஞ்சளோடு. இந்தக் காரின் கார்புரேட்டருக்கு மேலே ஒரு பித்தளை மூடி உண்டு. அதற்குக் கீழே ஒரு பிஸ்டன், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க எழும்பி எஞ்சினுக்குக் காற்றை விடும். அது துள்ளாமல் நிதானமாக எழும்ப உள்ளே கொஞ்சம் எண்ணெய் நிற்க வேண்டும். அவ்வப்போது அது குறையும். தங்கை பார்த்தபோது குறைந்திருந்தது. எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்தாள், ஒரு சொட்டும் இல்லை. அவள் கண் அத்தையின் கிண்ணத்துக்குப் போனது. கடலிலிருந்து வெதுவெதுப்பான காற்று. கிண்ணத்தில் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆடியது.

"எண்ணெதானே. நாளைக்கு ஒரு நாளு ஓடுனா போதும்," என்று சொல்லி நலங்கெண்ணெயை ஊற்றி மூடியைத் திருகினாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தை மாதத்துக் காலையைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

காலையில் பனி. தென்னை ஓலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கடல் தெரியவில்லை, மூச்சு விடுவது மட்டும் கேட்டது. உறவுக்காரர்களுக்கு அமர்த்திய வேன் தெருவில் உறுமிக்கொண்டிருந்தது. தங்கை வெள்ளைப் பட்டில் வெளியே வந்தாள். நைனா புது வேட்டி, புது வெள்ளைச் சட்டையில் காருக்குப் பக்கத்தில் நின்றார். கைக்கு வேலையில்லாமல் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தார். தங்கை முன்கதவைத் திறந்து, புடவையைக் கூட்டிப் பிடித்து, ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

நைனா தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து ஏறினார். சீட்டின் விளிம்பில், பஸ்ஸில் பிறருக்காக இடம் பிடித்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். ரெக்சின் ஒரு சின்னச் சத்தம் போட்டது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவார் என்று பயம்.

டிக், டிக், டிக். சோக்கை இழுத்தாள். எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது. கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வண்டி தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி விக்கி நின்றது. மறுபடி. பிடித்தது. மிதித்ததும் நின்றது. மறுபடியும் அதேதான்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நைனா இறங்கி முன்னால் வந்திருந்தார். அவர் முகத்தில் கவலை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது நிம்மதி.

"நவுரு பாப்பா. எனக்குக் கட்டுப்படும்."

அவள் இறங்க, அவர் ஏறினார். அவருக்கும் கட்டுப்படவில்லை. இறங்கிப் பம்பைச் செருப்பால் தட்டினார். பம்பு நன்றாகத்தான் இருந்தது. வேன்காரர் ஆரன் அடித்தார். உறவினர் ஒருவர் வாடகைக் காருக்குப் போன் போட்டார், பக்கத்திலேயே இருக்கிறது, வந்துவிடும் என்றார். நைனா ஸ்டீயரிங்கை விடாமல், எங்களைப் பார்க்காமல் சொன்னார்:

"அதுல நீங்க போங்க. நான் இத்த சரி பண்ணிகினு பின்னாலயே வரேன். வண்டிய இப்படியே வுட்டுட்டு எப்டி வர்றது."

தங்கை முகம் வெளுத்துவிட்டது. அவள் பயந்தது இந்த வாக்கியத்துக்குத்தான். அது தேவாலய வாசலில் வரும் என்று நினைத்திருந்தாள். வீட்டு வாசலிலேயே வந்துவிட்டது. பானட்டைத் தூக்கிப்பிடித்து நின்றுகொண்டிருந்தேன், என்ன பார்ப்பது என்றே தெரியாமல்.

அப்போது அத்தை உள்ளேயிருந்து வந்தாள். ஒரு கையில் வெந்நீர்ச் சொம்பு, அதற்குள் எண்ணெய்ப் பாட்டில்.

"பொண்ணு தல பறக்குது, ஒரு சொட்டு வெக்கலாம்னு பாத்தா கல்லு மாரி கீது. கொஞ்சம் இரு, உருகட்டும்."

தங்கை அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். உள்ளே எண்ணெய் வெள்ளைவெளேரென்று உறைந்திருந்தது, சொம்பின் சூடு பட்ட ஓரத்தில் மட்டும் கண்ணாடியாகக் கசிந்தது. பிறகு கார்புரேட்டரைப் பார்த்தாள். உள்ளே ஓடி, ஞாயிற்றுக்கிழமை நைட்டியைப் பட்டுப்புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வந்தாள். அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தங்கை பித்தளை மூடியைத் திருகி எடுத்தாள். அதன் கம்பி வெளியே வரும்போது வெண்ணெயில் விரலை விட்டு எடுத்த மாதிரி வந்தது. தேங்காய் வாசனை. பிஸ்டன் எழும்ப வழியில்லாமல் நலங்கெண்ணெய்க்குள் சிக்கிக்கிடந்தது.

அவள்தான் முதலில் சிரித்தாள். "நேத்து சொட்டுச்சொட்டா வுட்டேனே. என் தலைக்கு வெச்சது அதுக்கும் வெச்சேன்."

இட்லிப் பானையின் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து கார்புரேட்டரைச் சுற்றிக் கட்டினோம். துணி ஆற ஆற இன்னொன்று. இந்தக் கோலத்தில் ஒரு மணப்பெண்ணை மாமல்லபுரத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்: தலையில் மல்லிகை, நடுவில் நைட்டி, கீழே பட்டின் வெள்ளி ஜரிகை, கையில் ஆவி பறக்கும் கந்தல். கொஞ்ச நேரத்தில் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டாள். அது மெதுவாக இறங்கி 'டொக்' என்று உட்கார்ந்தது. அந்த டொக்கைக் கேட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நைனா இன்னும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தார். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எறங்கு நைனா."

"நான் ஓட்டினா இன்னா? ஸ்டார்ட்டு ஆயிடும் இப்ப."

"ஆயிடும். அதுக்காகத்தான் சொல்றேன். நீ எப்பவும் இத்த பாத்துகினே நின்ன. என்னிய எப்ப பாப்ப?"

அவள் குரலை உயர்த்தவில்லை. வேன்காரர்கூட ஆரன் அடிக்கவில்லை. நைனா சாவியில் கை வைத்தபடி அவளைப் பார்த்தார். நைட்டியை, பூவை, கன்னத்தில் ஒட்டியிருந்த கரியை. பிறகு இறங்கினார். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, காரைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டாம் முறையாகப் பின்சீட்டில் ஏறினார். இந்த முறை நடுவில்.

தங்கை நைட்டியைக் கழற்றினாள். வாடகைக் காரைத் திருப்பி அனுப்பினோம்.

திருக்கழுக்குன்றம்வரை நைனா எங்களைச் சும்மா விடவில்லை. ஆரன் அடி, மாடு வருது, கியரை மாத்து, ஏன் இப்படி பிரேக்கை நசுக்குற. வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி, இல்லாத பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். மலையைத் தாண்டியதும் பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பிலிருந்து பின்னுக்கு நகர்ந்திருந்தார். முதுகு சாய்ந்திருந்தது. பனி விலகி, அறுத்த வயல்கள் வைக்கோல் நிறத்தில் தெரிந்தன. அவர் முகம் பக்கவாட்டு ஜன்னலுக்குத் திரும்பியிருந்தது.

"இங்க ஒரு கொளம் கீதே," என்றார்.

பனைமரங்களுக்கு நடுவே ஒரு பெரிய குளம். அல்லி பூத்திருந்தது. படிக்கட்டில் ஒரு பெண் துணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத்திலருந்து கீது இது?"

"நான் பொறக்கறதுக்கு மின்னாடியிலருந்து நைனா," என்றாள் தங்கை.

அந்தச் சாலையில் அவர் வாழ்நாளெல்லாம் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் தெரியும். பள்ளத்தையும் மாட்டையும் எதிரே வரும் லாரியையும் பார்த்தே கழிந்த கண்களுக்குக் குளத்தைப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. அதன் பிறகு செங்கல்பட்டு ஏரி வரும்வரை அவர் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. செங்கல் சூளை, சின்ன மாதா கோயில், யாரோ மாடியில் வைத்த ரோஜாத் தொட்டிகள். ஒவ்வொன்றையும் 'அட' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தங்கை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று நான் சொல்லவில்லை.

தேவாலய வளாகத்தில் கார் நுழைந்தபோது மாப்பிள்ளை வீட்டார் படியில் நின்றிருந்தார்கள். மணப்பெண் ஸ்டீயரிங்கிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் ஒரு சலசலப்பு எழுந்து, சிரிப்பாக மாறியது. மாப்பிள்ளை முன்னால் வந்தார். நான் இறங்கினேன். நைனா இறங்கவில்லை.

உடம்புக்கு முடியவில்லையோ என்று குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார். நிமிர்ந்து, முழங்கால்மேல் கைகளை வைத்து, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன நைனா, இறங்குங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

தங்கைக்குத்தான் புரிந்தது. ஓட்டிவந்த ஆள்தான் வந்து கதவைத் திறக்க வேண்டும். ஓட்டிவந்த ஆள் அவள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்து வந்து, பின்கதவைத் திறந்து, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

நைனா ஒரு காலை வெளியே வைத்தார், அப்புறம் இன்னொன்றை. அவசரமேயில்லை. எழுந்து நின்று, வேட்டியை உதறிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்:

"பரவால்ல. நல்லாத்தான் ஓட்டுன."

பிறகு அவளுக்குத் தன் கையை நீட்டினார். கரி படிந்திருந்த அவள் விரல்கள் அவருடைய புது வெள்ளைச் சட்டையைப் பற்றிக்கொண்டன. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. இருவரும் படியேறினார்கள்.